"ஒண்ணும் ஆகாது சார், கையெழுத்து போடுங்க": நர்ஸ் வேலையில இருந்து மருத்துவ சட்டம் படிக்கப் போகலாமா?

முதல்ல வந்த லெட்டரோட சுருக்கம். அடையாளம் தெரியற விவரத்தையெல்லாம் எடுத்துட்டேன்.

எழுதினவங்க ஒரு நர்ஸ், வயசு 33, பத்து வருஷ சர்வீஸ், அதுல பாதிக்கு மேல சர்ஜரி வார்டு. ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி தைராய்டு ஆபரேஷனுக்கு ஒரு வாத்தியார் அட்மிட் ஆகியிருக்கார். மறுநாள் காலையில ஆபரேஷன். முந்தின ராத்திரி கன்சென்ட் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கற வேலை இவங்க தலையில விழுந்திருக்கு. அச்சடிச்ச ஃபார்ம், "எல்லா விளைவுகளும் எனக்கு விளக்கப்பட்டன"ன்னு ஒரு வரி, கீழ கோடு. அவர் பேனாவ கையில வாங்கிட்டு "ஏதாவது ஆகுமாம்மா?"ன்னு கேட்டிருக்கார். இவங்க "ஒண்ணும் ஆகாது சார், எல்லார்கிட்டயும் வாங்கறதுதான், போடுங்க"ன்னு சொல்லிட்டு சாட்சி இடத்துல தானும் கையெழுத்து போட்டிருக்காங்க. ஆபரேஷன் முடிஞ்சது, அவருக்கு குரல் போச்சு. டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஒரு பேப்பர்ல "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே"ன்னு எழுதி இவங்ககிட்ட காட்டினாராம்.

அன்னிலேர்ந்து இவங்களுக்கு மருத்துவ சட்டம் படிக்கணும்னு வெறி. யுனிவர்சிட்டி பக்கமெல்லாம் தேடிப் பாத்து குழம்பிப் போய் எனக்கு எழுதியிருக்காங்க. மருத்துவ சட்டம்னா போஸ்ட்மார்ட்டம், விஷம், காயம் இதெல்லாம்தானே, பாதி எனக்கே தெரியுமேங்கறாங்க. ஒரு வருஷ மாஸ்டர்ஸ் முடிச்சா வக்கீலா கோர்ட்ல நிக்கலாம்னு யாரோ சொல்லியிருக்காங்க. நரம்ப வெட்டினது டாக்டர் தப்பு, அத நானே ஒரு நாள் கோர்ட்ல கேக்கணும்ங்கறாங்க. கூட வேலை பாக்கறவங்க "எங்கள காட்டிக்கொடுக்கப் போறியா"ன்னு கேக்கறாங்களாம். அந்த கன்சென்ட் ஃபார்ம அன்னிக்கே போன்ல போட்டோ எடுத்து வச்சிருக்காங்க, அத அட்மிஷன் கட்டுரையில சேத்தா வெயிட்டா இருக்குமான்னு ஒரு கேள்வி. எல்லாம் எழுதி முடிச்சுட்டு கடைசியில ஒரே ஒரு வரி: "என் மேலயும் கேஸ் வருமா?"

சிஸ்டர், உங்கள எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டு பழகியிருப்பாங்க, நானும் அப்படியே கூப்பிடறேன். உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன். நாலு பக்கம் படிப்ப பத்தி கேட்டிருக்கீங்க, ஆனா உங்கள தூங்க விடாம வச்சிருக்கறது அந்த கடைசி வரிதான்னு எனக்கு தோணுது, அதனால அவசரமான ரெண்டு விஷயத்த சொல்லிட்டு படிப்புக்கு வர்றேன். எந்த நாட்டுல இருந்து எழுதறீங்கன்னு நீங்க சொல்லல. அதனால எல்லா இடத்துக்கும் பொதுவா இருக்கறத மட்டும் சொல்றேன், உங்க ஊர் சட்டத்த அங்க இருக்கற ஒரு வக்கீல்கிட்ட சரிபாத்துக்கோங்க.

முதல்ல அந்த போட்டோ

தயவுசெஞ்சு அத யாருக்கும் அனுப்பாதீங்க. அட்மிஷன் கட்டுரையில சேக்கவே சேக்காதீங்க. பேர மறைச்சுட்டு சேக்கலாமான்னு கேப்பீங்க, அதுவும் வேண்டாம். ஒரு நோயாளியோட ரெக்கார்ட வேலை சம்பந்தமில்லாத காரணத்துக்காக சொந்த போன்ல வச்சிருக்கறதே பெரும்பாலான இடத்துல ரகசியம் காக்கற கடமைய மீறினதா பாக்கப்படும், உங்க நர்சிங் பதிவுக்கே ஆபத்து வரலாம். இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க, மருத்துவ சட்டம் சொல்லித்தர்ற ஒரு டிபார்ட்மென்ட்டுக்கு அப்ளை பண்றீங்க, அவங்க பாடத்திட்டத்துல ரெண்டாவது மூணாவது தலைப்பே நோயாளி ரகசியம்தான், அங்க போய் கேஸ் ஷீட் போட்டோவ நீட்டினா வெயிட் கூடாது, கதவு சாத்திடும்.

அதுக்காக பயந்து போய் இப்பவே அழிச்சுடவும் வேண்டாம். அந்த வாத்தியார் கேஸ் போட்டிருந்தாலோ போடப் போறார்னாலோ, அத அழிச்சது வேற மாதிரி கேள்விய கொண்டு வரும். ஒரு வக்கீல்கிட்ட தனியா உக்காந்து "இப்படி ஒண்ணு என்கிட்ட இருக்கு, என்ன பண்ணட்டும்"னு கேளுங்க. வக்கீல்கிட்ட ஆலோசனைக்காக சொல்றது வெளிய போகாது. நர்சிங் யூனியனோ சங்கமோ இருந்து அவங்களுக்கு லீகல் உதவி இருந்தா இன்னும் சுலபம்.

உங்க மேல கேஸ் வருமா

கன்சென்ட் ஃபார்ம்ல சாட்சியா போடற கையெழுத்துக்கு பொதுவா ஒரே அர்த்தம்தான், இவர் என் கண்ணு முன்னாடி கையெழுத்து போட்டார்ங்கறது. ஆபரேஷன்ல என்னென்ன ஆகலாம்னு விளக்கற கடமை அத பண்ணப் போற சர்ஜனோடது. அவர் அத தகுதியான இன்னொருத்தர்கிட்ட ஒப்படைக்கலாம், ஆனா ராத்திரி டூட்டியில இருக்கற நர்ஸ் கையில ஃபார்ம குடுத்து அனுப்பறது ஒப்படைக்கறது ஆகாது. அதனால மொத்த பாரத்தையும் உங்க தோள்ல ஏத்திக்காதீங்க.

ஆனா உங்களுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு நான் பொய் சொல்லப் போறதில்ல. "ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னது தப்பு. அவர் கேட்டது ஒரு கேள்வி, அதுக்கு பதில் உங்ககிட்ட இல்ல, இல்லாத பதில சொல்லிட்டீங்க. "எனக்கு தெரியாது சார், டாக்டர வர சொல்றேன், அதுவரைக்கும் கையெழுத்து போடாதீங்க"ன்னு சொல்லியிருக்கணும். பன்னண்டு மணி நேர டூட்டியில, முப்பது பெட்டுக்கு நடுவுல, ராத்திரி அந்த நேரத்துக்கு சர்ஜனுக்கு போன் போட்டா என்ன திட்டு விழும்னு எனக்கும் தெரியும். வக்கீலா நான் ஆஸ்பத்திரிங்க பக்கமும் ஆஜராகியிருக்கேன், நோயாளிங்க பக்கமும் ஆஜராகியிருக்கேன், இந்த ராத்திரி நேர கையெழுத்த பாக்காத கேஸ் கட்டு கம்மி. ஒரு வேளை விசாரணை வந்தா நீங்க சாட்சியா கூப்பிடப்படுவீங்க, அப்ப நடந்தத நடந்தபடி சொல்லுங்க, அதுக்கு முன்னாடி வக்கீல பாத்துடுங்க.

இன்னொரு விஷயமும் இங்கயே சொல்லிடறேன். இந்த கேஸ நீங்களே வக்கீலாகி நடத்தறது நடக்காத காரியம். ஒரு கேஸ்ல சாட்சியா வரக்கூடியவங்க அதே கேஸ்ல வக்கீலா நிக்கக் கூடாதுங்கறது தொழில் விதி. அதோட வழக்கு போடற உரிமை அந்த வாத்தியாரோடது, உங்களோடது இல்ல. அவருக்கு காலக்கெடு ஓடிட்டிருக்கு, எத்தன வருஷம்னு நாட்டுக்கு நாடு மாறும், எப்படியும் நீங்க படிச்சு முடிச்சு கவுன் போடற வரைக்கும் அது காத்திருக்காது. அதனால அவர் வழி வேற, உங்க படிப்பு வேற. ரெண்டையும் ஒரே கயித்துல கட்டாதீங்க.

நரம்பு போனா தப்பு நடந்துச்சுன்னு அர்த்தமா?

சரி, இப்ப படிப்பு. படிப்ப பத்தி சொல்ல உங்க கேஸே நல்ல பாடம், அத வச்சே சொல்றேன்.

குரல் நாணுக்கு போற நரம்பு தைராய்டு சுரப்பிய ஒட்டியே பின்னாடி போகுதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கைதேர்ந்த சர்ஜன் எவ்வளவு ஜாக்கிரதையா பண்ணாலும் சில பேருக்கு அது அடிபடும், பல பேருக்கு சில மாசத்துல சரியாகும், சிலருக்கு ஆகாது. தெரிஞ்ச ஆபத்து நடந்து போச்சுங்கறது மட்டுமே கவனக்குறைவு ஆகிடாது. 1957ல இங்கிலாந்துல போலம்னு ஒரு நோயாளி போட்ட கேஸ். மனநோய்க்கு ஷாக் ட்ரீட்மென்ட் குடுக்கும்போது தசைய தளர்த்தற மருந்து குடுக்கல, உடம்பையும் சரியா பிடிச்சுக்கல, அந்த உதறல்ல அவருக்கு இடுப்பெலும்பு உடைஞ்சு போச்சு. அவர் தோத்தார். பொறுப்பான டாக்டர்கள்ல ஒரு சாரார் ஏத்துக்கற முறையில ஒரு டாக்டர் வேலை செஞ்சிருந்தா, வேற டாக்டருங்க வேற மாதிரி பண்ணுவாங்கங்கறதுக்காக மட்டும் அத கவனக்குறைவுன்னு சொல்ல முடியாதுன்னு அங்க வந்த விதி எத்தனையோ நாட்டு கோர்ட்டுக்கு போய் சேந்துச்சு. நான் மாணவனா அத முதல் தடவ படிச்சப்ப எனக்கு கோபம்தான் வந்துச்சு, டாக்டர டாக்டரே காப்பாத்திக்கற ஏற்பாடா இருக்கேன்னு. அந்த கோபம் எனக்கு மட்டுமில்ல, சட்டத்துக்கே மெதுவா வந்துச்சு.

அதே இங்கிலாந்துல 1997ல போலிதோ கேஸ். நீங்க இத அவசியம் படிக்கணும். மூச்சுத் திணறல்ல ரெண்டு வயசு குழந்தை, டாக்டர போன்ல கூப்பிட்டது ஒரு சிஸ்டர், ஒரு தடவ இல்ல ரெண்டு தடவ கூப்பிட்டாங்க, டாக்டர் வரல. குழந்தைக்கு இதயம் நின்னு மூளை பாதிச்சது. வராதது தப்புதான்னு எதிர்தரப்பே ஒத்துக்கிச்சு, அப்படியும் குடும்பம் தோத்துச்சு. ஏன்னா, வந்திருந்தாலும் மூச்சுக்குழாய்ல ட்யூப் போட்டிருப்பேனான்னா போட்டிருக்க மாட்டேன்னாங்க அந்த டாக்டர், அப்படி போடாம விடறதும் சரியான முடிவுதான்னு ஒரு நிபுணர் சொன்னார், கோர்ட் அத ஏத்துக்கிச்சு. ஆனா அதே தீர்ப்புல, நிபுணர் சொல்றது தர்க்கத்துக்கு நிக்கணும், நிக்கலன்னா ஏத்துக்க வேண்டியதில்லன்னு ஒரு கதவையும் திறந்து விட்டாங்க. தப்பு நடந்துச்சுன்னு காட்டறது பாதி வேலை, அந்த தப்பாலதான் இந்த பாதிப்பு வந்துச்சுன்னு காட்டறது மீதி பாதி, நிறைய கேஸ் செத்துப் போறது இந்த ரெண்டாவது பாதியிலதான். இந்த தீர்ப்ப படிச்ச நர்ஸ் யாரும் அதுக்கப்புறம் போன் பண்ண நேரத்த நோட்ஸ்ல எழுதாம விட மாட்டாங்க.

இப்ப உங்க வாத்தியார்கிட்ட வருவோம். அவர் பேப்பர்ல என்ன எழுதினார்? "ஏன் வெட்டினீங்க"ன்னு எழுதல. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே"ன்னு எழுதினார். சிஸ்டர், ஒன்றரை வருஷமா நீங்க கத்தியவே பாத்துட்டிருக்கீங்க, அவர் காட்டினது ஃபார்ம. உங்க கேள்வி நெக்ளிஜென்ஸ்ல, அதாவது கவனக்குறைவுல, ஆபரேஷன் பண்ண கைய பத்தினது இல்ல, கன்சென்ட்ட பத்தினது. மருத்துவ சட்டத்துல எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதியும் அதுதான்.

1992ல ஆஸ்திரேலியாவுல ரோஜர்ஸ் எதிர் விட்டேக்கர். சின்ன வயசுல இருந்து ஒரு கண்ணு கிட்டத்தட்ட தெரியாத விட்டேக்கர்ங்கற ஒரு பெண், அந்த கண்ணுக்கு ஆபரேஷன். நல்லா இருக்கற இன்னொரு கண்ணுக்கு ஏதாவது ஆகிடுமோன்னு ஓயாம கேட்டுட்டே இருந்தாங்க, ஆபரேஷனுக்கு முந்தின நாள் நல்ல கண்ண எதையாவது வச்சு மூட முடியுமான்னு கூட கேட்டாங்க, அவங்க பயந்து போயிருக்காங்கன்னு ஆஸ்பத்திரி நோட்ஸ்லயே பதிவாகியிருந்துச்சு. ஆனா ஒரு கண்ண தொட்டா மறு கண்ணும் பாதிக்கக்கூடிய ஒரு நோய் இருக்குன்னு டாக்டர் சொல்லல. அதுக்கான வாய்ப்பு 14,000ல ஒண்ணு. அந்த ஒண்ணு அவங்களுக்கே நடந்துச்சு, ரெண்டு கண்ணும் போன மாதிரி ஆகிடுச்சு. ஆபரேஷன் ஒழுங்காதான் நடந்துச்சுன்னு கோர்ட்டே சொல்லிச்சு. அப்படியும் அவங்க ஜெயிச்சாங்க, சொல்லாம விட்டதுக்காக. இந்த நோயாளிக்கு எது முக்கியமோ அத சொல்லணும்ங்கறது விதி, எத்தன பேருக்கு நடக்கும்ங்கற கணக்கு மட்டும் போதாது.

பிரிட்டன் அந்த இடத்துக்கு வர 2015 ஆச்சு. மான்ட்கோமரி கேஸ், சக்கரை நோய் இருக்கற குட்டையான ஒரு தாய், குழந்தை பெருசு, பிரசவத்துல தோள் மாட்டிக்கற வாய்ப்பு 9லேர்ந்து 10 சதவீதம், சொன்னா சிசேரியன் கேப்பாங்கன்னு டாக்டர் சொல்லாம விட்டாங்க. சுவாரசியம் என்னன்னா, இதே யோசனைய 1985லயே சைடவே கேஸ்ல ஸ்கார்மன்னு ஒரு நீதிபதி சொல்லிட்டார், கூட இருந்த மத்த நீதிபதிங்க அவர் வழியில வரல. ஒரு தனிக்குரல் சட்டமாக 30 வருஷம். இந்தியாவுல 2008ல சமீரா கோலி கேஸ்: வயித்துக்குள்ள கேமரா விட்டு பாக்க மட்டும் சம்மதம் குடுத்தவங்க, மயக்கத்துல இருக்கும்போது அம்மாகிட்ட கேட்டு கர்ப்பப்பையும் சினைப்பையும் எடுத்துட்டாங்க, மயக்கம் தெளிஞ்சா தானே முடிவெடுக்கக்கூடிய, வயசு வந்த ஒருத்தருக்கு பதிலா, உயிருக்கு அவசரமில்லாதப்ப, அம்மா சம்மதிக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு.

ஒரு வாத்தியாருக்கு குரல்ங்கறது விட்டேக்கருக்கு அந்த நல்ல கண்ணு மாதிரி. இத படிச்சதும் "அப்ப கேஸ் ஜெயிக்கும்"னு எழும்பாதீங்க. ஏன் ஆபரேஷன்னு நீங்க எழுதவே இல்ல. கேன்சரா இருந்திருந்தா, குரல் போகலாம்னு சொல்லியிருந்தாலும் அவர் ஒத்துக்கிட்டிருப்பார்னு எதிர்தரப்பு வாதாடும், அங்க கேஸ் ஆடிப் போகும். வெறும் கட்டி, அவசரமில்ல, மருந்துலயே கொஞ்ச நாள் பாத்திருக்கலாம்னா கதை வேற. இப்படி ஒரே சம்பவத்துல ஒரு விவரம் மாறினா முடிவு தலைகீழாகும். மருத்துவ சட்டம் படிக்கறதுங்கறது முக்கால்வாசி இதுதான்.

பிரேதப் பரிசோதனை வேற, இது வேற

நீங்க நினைச்சது சட்ட மருத்துவம். காயம் எப்படி வந்துச்சு, சாவு எப்போ நடந்துச்சு, என்ன விஷம், இதெல்லாம் மருத்துவ அறிவ சட்டத்துக்கு பயன்படுத்தறது, டாக்டருங்க படிக்கறது. மருத்துவ சட்டம் அதோட மறுபக்கம், மருத்துவத்து மேல சட்டம் என்ன சொல்லுதுங்கறது. கன்சென்ட், முடிவெடுக்கற திறன், ரகசியம், நெக்ளிஜென்ஸ், கருக்கலைப்பு, வாடகைத்தாய், உறுப்பு தானம், மனநல சட்டம், மனுஷங்க மேல ஆராய்ச்சி, உயிர் காக்கற கருவிய எப்போ நிறுத்தலாம், இப்படி போகும். கூடவே மருத்துவ அறம்னு தத்துவமும் வரும். மனுஷங்க மேல ஆராய்ச்சிக்குன்னு வந்த 1947 நியூரம்பெர்க் விதி, 1964 ஹெல்சிங்கி பிரகடனம் எல்லாம் வெறும் தேதியா இல்லாம, எந்த கொடுமைக்கு அப்புறம் வந்துச்சுன்னு சேத்து படிக்கணும்.

அருணா ஷான்பாக் பேர் உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், அவங்களும் நர்ஸ். 1973ல வேலை பாத்த இடத்துலயே தாக்கப்பட்டு 2015 வரைக்கும் படுக்கையில இருந்தாங்க, பாத்துக்கிட்டது அந்த ஆஸ்பத்திரி நர்ஸ்கள். அவங்களுக்கு உணவு குடுக்கறத நிறுத்தலாமான்னு வந்த வழக்கோட 2011 தீர்ப்புல, அவங்களுக்காக பேசற உரிமை யாருக்குன்னு கேள்வி வந்தப்ப, தினமும் பாத்துக்கற ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குத்தான்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. நர்ஸ்னா சட்டத்துல ஓரமா நிக்கற ஆள்னு நினைக்காதீங்க.

எந்த படிப்பு: மூணு வழி

சின்ன சர்டிஃபிகேட், டிப்ளமோ. சில மாசம், வேலைய விடாம பண்ணலாம். வக்கீல் ஆக முடியாது, ஆனா இந்த பாடம் உங்களுக்கு ஒத்து வருதான்னு தெரிஞ்சுக்க இதவிட செலவு கம்மியான வழி இல்ல.

ஒன்னு ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ். இங்கதான் உங்கள யாரோ குழப்பியிருக்காங்க. எல்எல்எம்னு பேர் இருந்தா பல இடத்துல முதல்ல சட்டப் பட்டம் கேப்பாங்க. மருத்துவ சட்டமும் அறமும்னு எம்ஏ, எம்எஸ்சி பேர்ல வர்றது பெரும்பாலும் நர்ஸ், டாக்டர், சமூக சேவகர்னு எல்லாருக்கும் திறந்திருக்கும், உங்க பத்து வருஷ அனுபவத்த மதிப்பாங்க. ஆனா இது எதுவும் தனியா உங்கள வக்கீல் ஆக்காது. ஆஸ்பத்திரியில ரிஸ்க் டிபார்ட்மென்ட், இன்சூரன்ஸ் கம்பெனியில க்ளெய்ம் பரிசீலனை, ஆராய்ச்சி அறக்குழு, மருத்துவ ஒழுங்குமுறை அமைப்பு, வக்கீல் ஆபீஸ்ல கேஸ் ஷீட் படிச்சு சொல்ற வேலை, இதுக்கெல்லாம் போகலாம். கடைசியா சொன்னது தனி தொழிலாவே சில நாட்டுல வளந்திருக்கு, டாக்டர் கையெழுத்த படிக்கத் தெரிஞ்ச ஒரு நர்ஸ் எங்க ஆபீஸ்ல இருந்தா எங்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சம்னு உங்களுக்கு தெரியாது.

முழு சட்டப் பட்டம், எல்எல்பி. கோர்ட்ல நிக்கணும்னா இதுதான், வேற குறுக்கு வழி கிடையாது, அதுக்கப்புறமும் வக்கீல் பதிவு, பயிற்சி, பரீட்சைன்னு இருக்கும். ஒண்ண யோசிங்க. இதுல மருத்துவ சட்டம் பெரும்பாலும் ஒரே ஒரு விருப்பப் பாடம், அதுவும் கடைசி வருஷம். அதுக்கு முன்னாடி ஒப்பந்தச் சட்டம், சொத்துச் சட்டம், அரசியலமைப்பு, குற்றவியல்னு வரிசையா நிக்கும். கோபத்துல சேர்ற பல பேர் சொத்துச் சட்டத்துலயே காலியாகிடுவாங்க. சில நாட்டுல தபால் வழியா, ஆன்லைன்ல படிச்ச எல்எல்பிக்கு பதிவு குடுக்கவே மாட்டாங்க, அதனால சேர்றதுக்கு முன்னாடி யுனிவர்சிட்டி கவுன்சிலர்கிட்ட கேக்காதீங்க, அவங்களுக்கு சீட் நிரம்பணும். பார் கவுன்சில் மாதிரி பதிவு பண்ற அமைப்புக்கே எழுதி, இந்த காலேஜ் இந்த கோர்ஸ் செல்லுமான்னு எழுத்துல பதில் வாங்குங்க.

எனக்கு கேட்டா, முதல் வழியில ஆரம்பிச்சு, பிடிச்சா ரெண்டாவதுக்கு பகுதி நேரமா போங்க. லெட்டர்ல நீங்க உயிரோட எழுதின இடமெல்லாம் வார்டு தான், கோர்ட்ட பத்தி எழுதினது சினிமா மாதிரி இருந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க. எதிர்தரப்பு வக்கீல் உங்க கேள்விக்கு எழுந்து ஆட்சேபம் சொல்றதும், டாக்டர் தலை குனியறதும், நிஜத்துல ரொம்ப அபூர்வம். நெக்ளிஜென்ஸ் கேஸ்ல பெரிய பங்கு கோர்ட் வாசலுக்கே வராம பேசி முடிஞ்சுடும், நாள் முழுக்க ரெக்கார்டும் நிபுணர் அறிக்கையும்தான். அது தெரிஞ்சும் வக்கீல்தான் ஆகணும்னு இருந்தா 33 ஒரு வயசே இல்ல, போங்க.

படிப்புல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கும்னும் சொல்லிடறேன். கேஸ் ஷீட், மருந்து பேர், ஷிஃப்ட் மாறும்போது தகவல் எங்க நழுவும், இதெல்லாம் உங்க பலம், சட்ட மாணவங்களுக்கு தலைகீழா நின்னாலும் வராது. ஆனா நர்சிங்ல உங்கள பழக்கினது ப்ரோட்டோகால், ஒரு கேள்விக்கு ஒரு சரியான பதில். இங்க பரீட்சையில ஒரு கற்பனை சம்பவம் குடுத்து "ஆலோசனை சொல்லுங்க"ன்னு கேப்பாங்க, டாக்டர் தப்புன்னு ஒரே வரியில முடிச்சா ஃபெயில். பிரச்சினை எது, எந்த தீர்ப்பு பொருந்தும், எங்க பொருந்தாது, எதிர்தரப்பு என்ன சொல்லும், அப்புறம்தான் உங்க முடிவு. முதல் ரெண்டு மாசம் எரிச்சலா இருக்கும்.

"காட்டிக்கொடுக்கப் போறியா"

கூட இருக்கறவங்ககிட்ட வாதம் பண்ணாதீங்க. அவங்க பயம் நியாயமானது, தப்பு நடந்தா முதல்ல மாட்டறது கீழ இருக்கறவங்கதான்னு அவங்களுக்கு அனுபவம். மருத்துவ சட்டம் படிச்சவங்க டாக்டருங்க மேல கேஸ் போடறத மட்டும் பண்றதில்ல, அந்த கன்சென்ட் ஃபார்ம திருத்தி எழுதறதும் இவங்கதான். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி நர்ஸ் கையெழுத்து வாங்கற பழக்கத்த நிறுத்தி, ஓபியிலயே சர்ஜன் உக்காந்து பேசி, பேசினத எழுதி வைக்கணும்னு ஒரு ஆஸ்பத்திரி மாறினா, நோயாளிக்கு முன்னாடி நிம்மதியாகறது உங்க தோழிங்கதான். ஆனா வேலையில இருந்துட்டே படிக்கறதா இருந்தா, வேலை ஒப்பந்தத்துல வெளிப்படிப்புக்கு அனுமதி கேக்கணும்னு இருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க.

அட்மிஷன் கட்டுரைக்கு அந்த போட்டோவும் வேண்டாம், அந்த வாத்தியாரோட கதையும் வேண்டாம். அச்சடிச்ச ஒரு வரிக்கும் ஒரு மனுஷன் கேக்கற கேள்விக்கும் நடுவுல நர்ஸ் எங்க நிக்கறாங்கன்னு, எந்த நோயாளியையும் காட்டாம பொதுவா எழுதுங்க, தாராளமா போதும்.

அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஒரு வேலை தர்றேன். ரோஜர்ஸ் எதிர் விட்டேக்கர் தீர்ப்பு நெட்ல இலவசமா கிடைக்கும், ரொம்ப நீளமும் இல்ல. படிங்க. படிச்சுட்டு உங்க வார்டு சர்ஜன் பக்கம் நின்னு ரெண்டு பக்கம் எழுதுங்க. அவர் ஏன் சொல்லாம விட்டிருக்கலாம், சொல்லியிருந்தாலும் என்ன மாறியிருக்கும், அவரோட வக்கீல் எத முதல்ல எடுத்து வைப்பார்னு, நக்கல் இல்லாம, அவரே படிச்சா ஆமான்னு சொல்ற மாதிரி. எழுதி முடிக்க முடிஞ்சா அடுத்த மாசமே கோர்ஸ் தேட ஆரம்பிங்க. பாதியில பேனாவ தூக்கிப் போட்டுட்டீங்கன்னா ஆறு மாசம் கழிச்சு மறுபடி உக்காந்து பாருங்க.